எடுக்கச் சொன்ன வரி

1

காதில் விழுந்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளும் ஆள் இப்போதெல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒருவன் பெருமூச்சு விட்டால் அது நாலு தெரு தாண்டி யாருக்கோ கதையாகிவிடுகிறது. டீக்கடையில் வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னால், சொன்னவன் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் எதிரே இருப்பவன் அதை போனில் யாருக்கோ அனுப்பிவிட்டுச் சிரிக்கிறான். கேட்டால், "பேர் போடலையே அண்ணே" என்கிறான். பேர் போடவில்லையாம். பெரிய நியாயம்.

இந்தக் கதையும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் எடுத்ததுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

கதையைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் தம்பி. தலைமைப் பண்பு, நிறுவனப் பண்பாடு என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதில் பேராசிரியர். அதாவது ஓர் ஆபீஸில் மேலே இருப்பவன் எப்படி நடந்துகொள்கிறான், கீழே இருப்பவர்கள் அதற்கேற்ப எப்படி வளைகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். நான் வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவன். சரக்கு ஏற்றும் இடங்களில் காத்துக்கிடந்தபோது பொழுது போகாமல் எழுதிப் பழகினேன். நாலைந்து கதை பத்திரிகையில் வந்திருக்கிறது. எட்டாவதோடு நின்றவர் கதை எழுதுகிறார் என்று தன் நண்பர்களிடம் என்னைக் காட்டுவார். காட்டட்டும்.

ஓய்வுபெற்ற சில நாளில் ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், ஒரு விஷயம். நீங்கதான் இதக் கதையா எழுதணும்."

"ஏன், நீ எழுதாததா? அலமாரி நிறைய எழுதி வச்சிருக்கியே."

"நான் எழுதினா கட்டுரையா ஆயிடுது. அதுல நான் எங்கயுமே இல்லாமப் போயிடுறேன்."

"அதுக்குத்தானடா அப்படி எழுதறீங்க" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

அவர் சிரிக்கவில்லை. "முடிவ மட்டும் நான் சொல்லிடறேன். கடைசில அந்த அம்மா, 'பரவாயில்ல சார்'னு சொல்லணும்."

எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இறக்க வேண்டிய இடத்தை மட்டும் சொல்லிவிட்டு, என்ன சரக்கு என்று வாயைத் திறக்காதவன் வாடகைக்குக் கூப்பிட்டால் நான் வண்டி எடுத்ததில்லை.

2

முதல் தொடக்கம்:

'எளிய குடும்பத்தில் பிறந்து, விடாமுயற்சியால் உயர்ந்து, தலைமைப் பண்பு குறித்த ஆய்வில் தனக்கென ஓர்'

(நிறுத்திவிட்டேன். இது அவருடைய பணி நிறைவு மலரில் இருந்தது. அந்த மாதிரி மலர்களில் எல்லாருமே விடாமுயற்சியால்தான் உயர்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

'அந்தத் தொழிற்சாலையின் தகரக் கூரையில் மழை'

(மழை பெய்ததா என்று அவருக்கு ஞாபகமில்லை. எனக்கும் மழையால் ஒரு காரியமும் இல்லை.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்போது அவர் இளம் விரிவுரையாளர். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு ஆய்வுக்குப் போனார். முதலாளியை எல்லாரும் 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். 'நாம் ஒரே குடும்பம்' என்று சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அதே சுவருக்குக் கீழே, கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் எப்போது தலையை ஆட்டுகிறாரோ அப்போது போகலாம்.

விரிவுரையாளர் ஒவ்வொருவராகக் கேட்டார். "அப்பா தங்கமானவர் சார்." "அப்பா மாதிரி வருமா சார்." கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது. உண்மை பேசுகிற வாய் ஒன்றாவது கிடைக்காதா என்று தவித்தார். கிடைத்தது. ஒருநாள் வேலை விட்டுப் போகும்போது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் அவரிடம் ஒரே ஒரு வரி சொன்னார்.

[                                        ]

(இந்த இடத்தில் அந்த வரி இருந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் வரும். சுவரில் இருந்த குடும்பத்தையும் தூக்கி நின்ற கையையும் ஒன்றாகச் சேர்த்து அந்தப் பெண் கேட்ட கேள்வி என்பது வரைக்கும் சொல்கிறேன். மிச்சத்தை நீங்களாக ஊகித்துக்கொண்டால் என்னால் தடுக்க முடியாது. அது உங்கள் பாடு.)

விரிவுரையாளருக்கு வறண்ட தொண்டையில் தண்ணீர் இறங்கியது போல இருந்ததாம்.

"இத எழுதிக்கவாம்மா?"

"பேர் வராதில்ல சார்?"

"சத்தியமா வராது."

அந்த வரிதான் அவரைத் தூக்கிவிட்டது. முதலில் கட்டுரை, பிறகு புத்தகம். எந்த மேடையில் அதைச் சொன்னாலும் கூட்டம் முதலில் சிரிக்கும், பிறகு கப்பென்று அடங்கும். அந்த அமைதியை வைத்துத்தான் அவர் வீடு கட்டினார் என்று சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். அதனால் சொல்லவில்லை.

3

இந்தப் பெண்ணை எப்படிக் காட்டுவது என்பதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

பேராசிரியர் வாக்குத் தவறவில்லை. பெயர் போடவில்லை. ஆனால் வெறும் வரியை அந்தரத்தில் தொங்கவிட முடியுமா? சொன்ன ஆள் கண்ணுக்குத் தெரிந்தால்தானே எழுத்துக்கு உயிர். ஆகவே, 'மற்றவர்களைவிட ஒரு தலை உயரமான பெண்' என்று எழுதினார். இன்ன தொழில், இன்ன பிரிவு என்பதும் அதில் இருந்தது. அந்தப் பிரிவில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பேர் போடாமல் போட்டோவே போட்டுவிட்டார் மனுஷன்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயரம் நான் வைத்தது. உண்மையான அடையாளம் வேறு. மாத்திரையும் நான் வைத்ததுதான். ஆகவே யாரும் தெருவில் போகிற உயரமான பெண்களை நிறுத்தி விசாரிக்க வேண்டாம். முதலில் ஒரு அடையாளமும் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு வேலை என்று கதை நொண்டியது. சரி, உயரத்தை வைப்போம் என்று வைத்ததும் ஜம்மென்று நடக்க ஆரம்பித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் எதற்கு ஆசைப்பட்டாரோ அதற்குத்தான் நானும் ஆசைப்படுகிறேன் என்று தெரிந்த எரிச்சல்.

4

கட்டுரை முதலாளி கைக்குப் போயிற்று. அவர் அந்த அம்மாவை வேலையை விட்டு நீக்கவில்லை. தலைவர் அல்லவா? மறுநாள் காலையில் எல்லாரையும் கூட்டினார்.

"இனிமே யாரும் கையத் தூக்க வேணாம். அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே!"

கைதட்டினார்கள். பிறகு அந்த அம்மாவின் மேஜையைத் தூக்கிக் கழிவறைக் கதவை ஒட்டிப் போடச் சொன்னார். "நம்ம அம்மாவுக்கு இனிமே நடக்கிற கஷ்டம்கூட இருக்கக் கூடாது பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் அந்த அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். உயரமானவர், குனிந்து ஒளியவும் முடியாது. சில மாதங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார்.

விரிவுரையாளருக்குப் பாதிதான் தெரியும். முதலாளி போன் செய்து, "உங்க கட்டுரையப் படிச்சிட்டு விதியவே மாத்திட்டேன் சார்" என்றார். அதை வைத்து இவர் 'கேட்கத் தெரிந்த தலைவர்' என்று இரண்டாவது கட்டுரை எழுதினார். அது பெரிதாகப் பேசப்பட்டது. பேராசிரியர் பதவி வந்தது அதில்தான்.

"ஒரு தடவ நேர்ல போய்ப் பார்த்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அப்ப வேற ஆய்வு ஆரம்பிச்சிட்டேன் அத்தான்."

மிச்சப் பாதி தெரிந்தது பணி நிறைவு விழாவில். நானும் மனைவியும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். அந்த முதலாளிதான் சிறப்பு விருந்தினர். தள்ளாத வயதிலும் மைக்கை விடவில்லை.

"சார் புத்தகத்துல ஒரு அம்மா வருவாங்களே, அவங்களுக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? பாத்ரூம் வாசல்லயே டேபிள் போட்டுக் குடுத்துட்டேன்! அதுக்குப் பேர்தான் லீடர்ஷிப்!"

மண்டபம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார், தொடையைத் தட்டிக்கொண்டு. மேலே இருப்பவன் சொல்கிற நகைச்சுவைக்குக் கீழே இருப்பவனுக்குச் சிரிப்பு முதலில் வரும், அர்த்தம் பிறகுதான் வரும் என்று எழுதியவரே அவர்தான். அர்த்தம் வந்தபோது நான் பார்த்தேன். வாய் சிரித்த இடத்திலேயே நின்றுவிட்டது. கண் மட்டும் எங்கேயோ இறங்கிப் போயிற்று.

5

முடிவு அ. அவர் கேட்டது. கதவு திறக்கிறது. அவர் தழுதழுக்கிறார். அந்த அம்மா, "பரவாயில்ல சார், அதெல்லாம் எப்பவோ" என்கிறார். எழுதி மனைவிக்குப் படித்துக்காட்டினேன். "இத என் தம்பியே எழுதிக் குடுத்துட்டானா?" என்றாள்.

முடிவு ஆ. அந்த அம்மா முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துகிறார். இது அவருக்குக் கசக்கும் என்று நினைத்து அனுப்பினேன். உடனே போன். "இதுவும் நல்லாயிருக்கு அத்தான். எனக்கு இது வேணும்தான்."

கிழித்துப் போட்டேன். மன்னிப்பும் இனிக்கிறது, செருப்படியும் இனிக்கிறது என்றால், அந்த ஆளுக்குத் தேவை அந்த அம்மா இல்லை, ஒரு முடிவு.

முடிவு இ என்று எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் அவரைக் கூப்பிட்டேன்.

"கதையில போறத விட்டுட்டு நேர்ல போ மாப்ள."

"எந்த முகத்தோட அத்தான்?"

"இருக்கிற முகத்தோட."

விலாசம் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. எங்கெங்கோ விசாரித்து வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் கதை கேட்டிருக்கிறார்.

6

இருவருமாகப் போனோம். இரண்டாவது மாடி. அந்த அம்மா ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இவரை அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி இழுத்துப் போட்டார். நான் கதவோரமாகவே நின்றேன்.

பேராசிரியர் பேசினார். நன்றாகப் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். பொறுப்பு என்றார், அறம் என்றார். புதுப் பதிப்பு வரப்போகிறது, அதன் முன்னுரையில் அந்த அம்மாவுக்கு நன்றி தெரிவிக்கப் போவதாகச் சொன்னார். அந்த அம்மா துணியைக் கீழே வைக்கவேயில்லை.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"ம்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மன்னிச்சேன்னு சொல்லணுமா? சொல்றதுக்கு என்ன. ஆனா நீங்க படி இறங்கறதுக்குள்ள அது உங்களுக்குப் பத்தாமப் போயிடும்."

"அப்படி இல்லம்மா, நான்..."

"என் பொண்ணு காலேஜ் படிச்சப்ப உங்க புத்தகம்தான் சார் பாடம். வாத்தியார் அந்த வரியப் படிச்சாராம், கிளாஸே சிரிச்சுதாம். வீட்டுக்கு வந்து என்கிட்டயே சொல்லிச் சிரிச்சா. யாரோ ஒரு அம்மாவாம்."

"நீங்க... அவங்ககிட்ட சொல்லலையா?"

"எதைச் சொல்ல? அந்த அம்மாவ எங்க உக்கார வச்சாங்கன்னா?"

அந்த அம்மா இன்னொரு கம்பியைத் துடைத்து முடித்தார். பிறகு சத்தம் கூட்டாமல் சொன்னார்.

"நன்றியெல்லாம் வேணாம் சார். புதுசா போடறீங்கல்ல, அதுல அந்த வரிய எடுத்துடுங்க. அது நான் உங்ககிட்ட சொன்னது. ஊர்கிட்ட சொன்னதில்ல."

"அம்மா, அத இப்ப நிறைய பேர் எடுத்து எழுதி..."

"அவங்ககிட்ட நான் போய்க் கேக்க முடியாது. உங்களத்தான் எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் என் கதையிலிருந்து அந்த வரியை எடுத்தேன். கதை இளைத்துவிட்டது. இளைக்கட்டும். என்னுடையது பத்துப் பேர் படிக்கிற கதை.

7

அவருடையது அப்படியில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் அறைக்குப் போனேன். மூன்று பக்கமும் புத்தகம். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. சவரம் செய்யாத முகம். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

"இந்த வரி போனா இந்த அத்தியாயம் நிக்காது அத்தான். அத்தியாயம் போனா புத்தகம் நிக்காது."

"சரி."

"என்ன சரி? அப்புறம் நான் இத்தன வருஷம் என்னதான் பண்ணேன்?"

லாரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

"பழைய பதிப்பு ஊரெல்லாம் இருக்கு. இதுல எடுத்து என்ன ஆகப்போகுது?"

"ஒன்னும் ஆகாதுன்னா எடுக்கறதுக்கு ஏன் மாப்ள ஒரு வாரம்?"

நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரே ஒரு விரலை நீட்டி எதையோ அழுத்தினார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எடுத்துட்டேன். வந்து பாருங்க."

நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு விரலில் போனது ஒரு விரலில் திரும்பி வரும். பதிப்பகத்துக்கு அனுப்ப இன்னும் நாள் இருந்தது. அதற்குள் எத்தனை காலை விடியும், எத்தனை பேர் போன் செய்து 'அந்த வரிதான் சார் புத்தகத்தோட உயிரே' என்பார்கள்?

படிக்கிற நீங்கள் முடிவு கேட்பீர்கள். புத்தகம் கடைக்கு வரும். போய்ப் புரட்டிப் பாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வரி அங்கே இருந்தால் நீங்கள் படித்துவிடுவீர்கள். இல்லாவிட்டால் இல்லாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கடைப் பக்கம் போகப்போவதில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன அத்தான், நம்பலையா?"

"நீ நம்பறியா?" என்றேன்.

பதில் வருகிறதா என்று நிற்கவில்லை. இறங்கி நடந்துவிட்டேன்.