உள்ளான் இறங்கும் சேறு

1

இந்தக் கதை பேருந்து ஜன்னலில் பிறந்தது. மீமிசலுக்குப் போகும் வழியில், வற்றிக்கொண்டிருந்த கண்மாய்ச் சேற்றில் உள்ளான்கள் மேய்வதைப் பார்த்தேன். எந்தத் தேசத்திலிருந்தோ பறந்து வந்து நம் சேற்றில் கால்வைக்கிற குருவிகள். அடேயப்பா, எத்தனை வருஷமாச்சு! அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறு பெரிய காரணம் தேடாதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: 'காவிரி டெல்டாவின் கடைக்கோடியில் நன்னீர்ச் சதுப்பு நிலங்கள்...' சே, பள்ளிக்கூடப் பாடம்.

தொடக்கம் இரண்டு: மூக்காயி விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டாள்.

இது போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுக் கால்வாய் வழியே காவிரித் தண்ணீர் அவள் ஊருக்கு முதன்முதலாக வந்த வருஷம்.

(அந்த ஊர் வழக்கம்: வானத்தில் உள்ளான் சத்தம் கேட்டால் விதை ஊறப்போடலாம். கண்மாய்ச் சேற்றில் அது இறங்கிய பிறகே விதைக்கலாம். மீறியவர் வீட்டில் யாரும் கைநனைக்க மாட்டார்கள்.)

[அவள் கணவன் ரங்கூனில்... வேண்டாம். அழவைக்கக் குறுக்குவழி.]

3

சத்தம் கேட்டது. ஆனால் கண்மாய் தளும்பிக் கிடந்தது, கால்வைக்கச் சேறில்லை. பறவைகள் வட்டமடித்துவிட்டு மேலேறின. சாக்கில் கட்டிய விதை முளைவிட்டுச் சூடேறியது. வீட்டிலிருந்த விதையே அவ்வளவுதான்.

"இன்னைக்கு விடலைன்னா அழுகிரும் தம்பி," என்றாள் கொழுந்தன் பெரியண்ணனிடம்.

"குருவி எறங்காம எப்புடி மதினி? ஊரு ஒதுக்கிப்புடும்."

"தண்ணி வேணும், தண்ணி வேணும்னு கும்புட்டோம். அது வந்து குருவி எடத்தை முழுங்கிருச்சே."

பழைய சேற்றின் மணம் நினைவுக்கு வந்து அவளை வாட்டியது. பெண்கள் கரையில் நின்று, முதல் குருவி கால்வைத்ததும் குலவையிட்ட சாயங்காலங்கள்! [எனக்கும்தான் ஏக்கமாக இருக்கிறது. அந்தக் குலவையை நான் கேட்டதேயில்லை.]

4

மூக்காயி தன் நாற்றங்கால் தண்ணீரை வடியவிட்டாள். சேறு மினுமினுத்தது.

"ஒனக்குன்னு இம்புட்டு எடம் வச்சிருக்கேன், வாயேன்," என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். ஊரே வரப்பில் கூடிவிட்டது.

முடிவு ஒன்று: ஓர் உள்ளான் இறங்கியது. [எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்கு ஒரு சொல்தான் செலவு. அவளுக்கு அப்படியா?]

முடிவு இரண்டு: இறங்கவில்லை. அவள் விதைத்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டில்... [இதற்குமேல் என் கை ஓடவில்லை.]

இனி உங்கள் பாடு. பொழுது சாய்கிறது. முளைவிட்ட நெல் அவள் கையில் கதகதக்கிறது. மேலே சத்தம் மட்டும் கேட்கிறது. வரப்பில் உங்களுக்கும் இடமுண்டு, வந்து நில்லுங்கள். இருட்டிவிட்டால் குருவி இறங்கியதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. யாராவது ஒருவர் முதல் குலவையிட்டால் போதும், அவள் விதைத்துவிடுவாள்.