பாய்லர் ரூம் சர்ட்டிபிகேட்

அந்தச் சலவை ஆலையில் அவளுக்குப் பெயரே "சர்ட்டிபிகேட்" என்றாகிவிட்டது. "சர்ட்டிபிகேட் வந்தாச்சா?", "சர்ட்டிபிகேட் சாப்பிட்டாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். முதல் வாரம் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு பழகிவிட்டது. அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. அவளை எடுத்ததே அந்தக் காகிதத்துக்காகத்தான். காகிதத்தை மட்டும் தனியாக வேலைக்கு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லாததால், போனால் போகிறதென்று ஆளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். அவற்றை வெந்நீரில் சுழற்றி, பிழிந்து, சுடச்சுட இருக்கும் இஸ்திரி உருளைகளுக்கு நடுவே விட்டு, மடித்து அனுப்புவார்கள். அத்தனைக்கும் நீராவி கொடுப்பது பின்பக்கத்துத் தனி அறையில் இருந்த பழைய பாய்லர். அதற்குப் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் அதில் நெருப்பு வைக்கலாம் என்பது விதி. அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அறைச் சுவரில் தொங்கவும் வேண்டும். விரிப்பு கொடுக்கிற ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்வையிட வந்தால் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள். பாய்லரைப் பார்க்க மாட்டார்கள்.

உண்மையில் பாய்லரைக் கட்டி மேய்த்தது அவளுடைய அண்ணன். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கு அவனைக் காலை வாரிவிட்டது. மறுபடி எழுதினான், மறுபடியும் வாரிவிட்டது. அப்பா போன பிறகு மூன்றாவது தடவை எழுத யாருக்கும் பொறுமை இல்லை. விறகு தள்ளும் ஆளாக இந்த ஆலைக்குள் நுழைந்தவன், பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டான். எந்த வால்வைத் திறந்தால் எந்த இயந்திரம் ஓடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அவனுக்குக் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைத்துவிட்டதே என்ற உறுத்தல் அவளுக்கு எப்போதும் உண்டு. அவள் பாய்லர் தேர்வில் தேர்ச்சி பெற்ற அன்று அவன்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். அவள் கதவை மூடிக்கொண்டு அழுதாள்.

அவளை இங்கே சேர்த்துவிட்டதும் அவன்தான். "சும்மா நாற்காலியில உக்காந்திரு பாப்பா. வேலையெல்லாம் அண்ணன் பாத்துக்கறேன். யாராவது வந்து கேட்டா மட்டும் ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல எடுத்து விடு" என்றான்.

சான்றிதழ்ச் சட்டத்தைச் சுவரில் மாட்டிய அன்றே இஸ்திரி உருளையில் நிற்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். சுவரில் ஏற்கெனவே பல ஆணித் துளைகள் இருந்தன. "உனக்கு முன்னாடி இருந்த பையன் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காம ஓடிட்டான். நல்ல பையன்தான். ஏன் ஓடினான்னு யாரும் கேக்கல. மறுநாளே உங்க அண்ணன் உன்னைப் பத்திச் சொன்னான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணும் காதும்தான் வேலை. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பாய்லரின் உச்சியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, மிஞ்சிய நீராவியை வெளியே விட வேண்டும். அது காதைப் பிளக்கும் சத்தம். பயிற்சி வகுப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டு நோட்டைக் கீழே போட்டவள் அவள். இங்கே முள் தினமும் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியும் நின்றது. சத்தம் மட்டும் வரவே இல்லை.

ஒரு காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். பழைய காலத்து வால்வு. ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஓர் எடைக்குண்டு. நீராவி மிஞ்சினால் அந்தக் கை மேலே எழும்ப வேண்டும். எழும்ப முடியாதபடி அதைக் கட்டுக்கம்பியால் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. சுற்று மேல் சுற்று, நல்ல நேர்த்தியான கட்டு. பார்த்தவுடனே யார் கை என்று தெரிந்துவிட்டது. வீட்டில் கொடிக்கயிறும் கட்டில் காலும் இப்படித்தான் கட்டப்பட்டிருந்தன.

"ஆமா, நான்தான் கட்டினேன்" என்றான் அண்ணன், ஏதோ பரிசு வாங்கியவனைப்போல. "புது இஸ்திரி மிஷின் வந்ததுல இருந்து நீராவி பத்தல. இது வேற நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதி ஊதி வெளிய விட்டுட்டு இருந்துச்சு. எல்லாரும் ரிப்பேர் ரிப்பேர்னு மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. ஒரு முழம் கம்பி, கதை முடிஞ்சுது. மேனேஜரே தோள்ல தட்டி, மூளைக்காரன்டா நீன்னு சொன்னாரு."

"அண்ணே, அது ரிப்பேர் இல்ல. ஊதறதுதான் அதோட வேலை. அது ஊதலன்னா பாய்லர் வெடிச்சிடும்."

"இத்தனை நாளா வெடிக்கலையே."

"வெடிக்கிறது ஒரு தடவைதான்."

"நீ புத்தகத்துல பாத்ததைச் சொல்ற. நான் இதுகூடவே இருக்கேன். அதோட மூச்சு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நெருப்புக் கதவைத் திறந்து விறகைத் தள்ளினான். செக்கச் செவேலென்ற வெளிச்சம் அவன் நெஞ்சு முழுக்க விழுந்தது. வெடித்தால் முதலில் போவது அந்த நெஞ்சுதான்.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஏறிக் கம்பியை வெட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வால்வு அலறியது. உள்ளே இஸ்திரி உருளைகள் சூடு குறைந்து, விரிப்புகள் ஈரமும் சுருக்கமுமாக வெளியே வந்து விழுந்தன. மேனேஜர் ஓடி வந்தார். அவளை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைத்தான் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, முன்பைவிட இறுக்கமாகக் கட்டினான்.

பிறகு மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதைதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இங்க பாரும்மா, படிச்ச பொண்ணு நீ. உன் வேலை அந்த ரூம்ல இருக்கறது. அவ்வளவுதான். நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க? சுவத்துல யார் பேரு இருக்கோ அவங்களைத்தான். அதுக்குத்தான் படிச்சவங்களை வைக்கறோம். எங்களுக்கு என்ன தெரியும், சொல்லு?"

அவர் முகத்தில் துளி விஷமம் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். முந்தைய பையன் சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டு ஓடியது ஏன் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

பாய்லர்களைச் சோதிக்கிற அரசு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகார் செய்யலாம். ஆனால் கம்பி கட்டிய கை யாருடையது என்று கேட்பார்கள். கட்டியவனே ஆமாம் என்று மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பான். அப்படிப்பட்ட ஆள் அவன். இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்து, கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள். சான்றிதழ் இல்லாமல் நெருப்பு வைக்கக்கூடாது அல்லவா? கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் ஆலை ஓடவில்லை. அதற்கு மறுநாளும் ஓடவில்லை. அண்ணன் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தான், அவளோடு பேசவில்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கோ உள்ளுக்குள் அத்தனை நிம்மதி. கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆள் முழுசாகக் கண்ணெதிரே படுத்திருக்கிறானே! அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி மூன்றாம் நாள் மத்தியானம் வரைதான் இருந்தது. மேனேஜர் ஆள் அனுப்பி அண்ணனைக் கூப்பிட்டார். போனவன் கால் தரையில் பாவாமல் திரும்பி வந்தான்.

"அம்மா! எனக்குச் சர்ட்டிபிகேட் வந்திருச்சு! அனுபவம் இருக்கறவங்களுக்குப் பரீட்சை இல்லாமலே தர்றாங்களாம். மேனேஜரே எழுதிப் போட்டு வாங்கிட்டாரு. இனிமே நான்தான் பாய்லருக்குப் பொறுப்பு" என்று சொல்லி, செல்போனில் எடுத்த படத்தை நீட்டினான். "வெறும் பாஸ்னு நெனச்சியா? நல்லாப் பாரு. முதல் வகுப்பு!"

அவள் பார்த்தாள். அவள் படித்த நிலையத்தின் முத்திரை. அவளுடைய பதிவு எண். அவள் எழுதிய தேர்வின் தேதி. முதல் வகுப்பும் அவளுடையதுதான். வேலைக்குச் சேர்ந்தபோது மேனேஜர் நகல் எடுத்து வைத்துக்கொண்டது இதற்குத்தான் போலிருக்கிறது. பெயரும் படமும் மட்டும் மாறியிருந்தன. படத்தில் அண்ணன் தலையைப் படிய வாரிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு இருந்தான்.

"அண்ணே, இது போலி. இது என்னோட நம்பர். உன்னை மாட்டி விடறாங்க."

அவன் முகம் சுண்டியது. இத்தனை வருடத்தில் அவளை ஒரு சொல் கடிந்து பேசாதவன் அன்று பேசினான். "உனக்கு வந்தப்போ நான் தெருவெல்லாம் சொன்னேன். எனக்கு வந்தா உனக்கு ஏன் இவ்வளவு வயித்தெரிச்சல்? நான் கடைசி வரைக்கும் விறகு தள்ளணும், நீ நாற்காலியில உக்காரணும், அதானே?"

மேலே பேசினால் அவன் அழுதுவிடுவான் என்று தெரிந்தது.

அந்த மத்தியானமே ஆலை மறுபடி ஓடியது. விட்டுப்போன இரண்டு நாள் வேலையையும் சேர்த்து முடிக்க வேண்டும் என்று எல்லா இயந்திரங்களையும் ஒன்றாகப் போட்டிருப்பதாக ராத்திரி வீட்டுக்கு வந்த அண்ணன் பெருமையாகச் சொன்னான். முள் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். "கோடெல்லாம் தாண்டி ஜம்முனு நிக்குது" என்றான்.

மறுநாள் காலை அவன் கிளம்பிப் போனதும் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியைச் சொன்னாள், போலிச் சான்றிதழைச் சொன்னாள், அதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டபோது அண்ணன் பெயரையும் சொன்னாள். அண்ணன் ஜெயிலுக்குள் போனால் உயிரோடாவது இருப்பான். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் போனைக் கீழே வைத்தாள். இன்றைக்கே வருகிறோம் என்றார்கள்.

மத்தியானத்தில் அம்மா நல்ல புடவை உடுத்திக்கொண்டு நின்றாள். "உங்க அண்ணன் என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னான். நீ வந்து அந்தச் சர்ட்டிபிகேட்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்டு. எனக்குத்தான் எழுத்து தெரியாதே." வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. அம்மாவைத் தனியாக அந்த அறைக்கு அனுப்ப மனம் வராமல் கூடவே போனாள்.

அறை தகித்தது. தரை காலுக்கடியில் லேசாக அதிர்ந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சாய்ந்து, மேலே போகத் துடிப்பதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் எங்கோ ஒரு மூட்டிலிருந்து மெல்லிய சீறல் விட்டுவிட்டு வந்தது. அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான். அம்மாவின் கையைப் பிடித்து, பாய்லரை ஒட்டினாற்போல் இருந்த அந்தச் சுவருக்கு அழைத்துப் போனான்.

"பாப்பா, வாசி" என்றான். நேற்றைய கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. தங்கை வாசித்தால்தான் அது முழுமையாகும் என்று நினைத்தானோ என்னவோ.

அவள் வாசித்தாள். அண்ணன் பெயர், அப்பா பெயர். முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளார். கொதிகலனின் முழுப் பொறுப்பையும் ஏற்கத் தகுதி உடையவர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியில் அண்ணன் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அந்த இடத்தை விரலால் தடவினாள்.

வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ மேனேஜரிடம் அதட்டலாக ஏதோ கேட்டார்கள். "பாய்லருக்குப் பொறுப்பு யாரு?" என்ற கேள்வி மட்டும் தெளிவாக உள்ளே வந்து விழுந்தது.

அண்ணன் நிமிர்ந்தான். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைக் கையால் படிய வாரினான்.

"என்னைத்தான் கேக்கறாங்க. நீங்க இருங்க, பேசிட்டு வந்துடறேன்" என்று அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே போனான்.

"அவன் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை வாசிம்மா" என்றாள் அம்மா.