சட்டைப்பையில் இல்லாத ஃபியூஸ்

லிப்டுக்கு மின்சாரம் போகும் ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ரிப்பேர் வேலையைத் தொடுவேன். சுவிட்சை நம்ப மாட்டேன். எச்சரிக்கை அட்டையை எவன் படிக்கிறான்? வாட்ச்மேனை நம்புவதற்குச் சும்மா இருக்கலாம்.

அன்றைக்குப் பிடுங்கவில்லை. ஃபியூஸ் பெட்டி தரைக்குக் கீழே இருந்தது, செங்குத்துப் படி. இறங்கும்போதுதான் என் வலது முட்டி உயிரை எடுக்கும். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு தேய்ந்து கிழிந்துவிட்டது, கிழிந்த முனை இடுக்கில் மாட்டினால் கால் அப்படியே பூட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். ஆளைப் படுக்கப்போட்டுப் பிழைக்கப் பார்க்கிறான் என்று எழுந்து வந்துவிட்டேன். மகளிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலைக்கு முழுக்குப் போடச் சொல்வாள்.

அதனால் தரைத்தளத்தில் லிப்டின் கம்பிக்கதவைத் திறந்து, நடுவில் கருவிப்பெட்டியை வைத்தேன். கதவு திறந்திருந்தால் லிப்டு ஓடாது. அது போதும் என்று நினைத்தேன்.

உச்சியில் மோட்டார் அறையிலிருந்து, என்னோடு வேலை பார்க்கும் மாப்பிள்ளை குரல் கொடுத்தார்.

“மாமா, புடுங்கியாச்சா? சக்கரத்துல கைய விடட்டுமா?”

“பையிலதான் இருக்கு. விடுங்க மாப்ள.”

குத்தவைத்துக் கதவடித் தடத்தில் அடைந்திருந்த அழுக்கைச் சுரண்டினேன். எழப் பார்த்தேன். முட்டிக்குள் ‘டக்’ என்றது. கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. சுவரோரம் சாய்ந்து விழுந்தேன்.

அப்போதுதான் மூன்றாம் மாடித் தையல்காரி துணி மூட்டையோடு வந்தாள். கருவிப்பெட்டியைக் காலால் வெளியே தள்ளிவிட்டு லிப்டுக்குள் ஏறினாள்.

“ஏம்மா, கதவ மூடாத!”

“வந்துட்டாருய்யா! கதவத் தொட்டா குத்தம், பட்டனத் தொட்டா குத்தம். போன தடவையும் இதே கத்துதான் கத்துனீங்க.”

“மேல மாப்ள கைய விட்டிருக்காரும்மா!”

கம்பிக்கதவு கிறீச்சிட்டதில் அவள் காதில் விழவில்லை. “மாப்ள, கைய எடுங்க!” என்று மேலே பார்த்து அலறினேன். பதிலுக்கு இரும்புப் பிரஷ் தேய்க்கும் சத்தம்தான் வந்தது.

கதவு மூட ஒரு சாண்தான் பாக்கி. பக்கவாட்டில் உருண்டு, மடங்கிய முட்டியையே இடுக்கில் கொடுத்தேன். கம்பி வந்து மோதியது. கண் இருட்டியது.

“ஐயையோ, கால எடுங்க பெரியவரே!”

“எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனா? கதவ விட்டுட்டுப் படியில ஓடு. லிப்டுல கரண்ட் இருக்கு, கைய எடுன்னு அவருகிட்ட சொல்லு!”

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். முழங்கை வரை கிரீஸ். என் சட்டைப்பையைத்தான் முதலில் பார்த்தார்.

“எங்க மாமா?”

“கீழ ஃபியூஸ் பொட்டியிலதான் இருக்கு. படி எறங்க முடியல. முட்டி கொஞ்ச நாளாவே இப்படித்தான்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தன் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு கீழே போய் ஃபியூஸைப் பிடுங்கி வந்து, தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

“கழுத்தப் புடிங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“உங்க பொண்டாட்டிகிட்ட...”

“நீங்களே சொல்வீங்க.”

கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். ஃபியூஸைக் கேட்க வாய் வரவில்லை.