கட்டுப் போட்ட கை

ஆண்டிபட்டிக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் அகழாய்வு நடந்தது. குழி தோண்டும் கூலி வேலைக்கு வந்திருந்த ஒச்சாண்டியின் மண்வெட்டியில்தான் அந்த ஈமத்தாழி தட்டுப்பட்டது. உள்ளே ஒரு மனிதனின் எலும்புகள்.

எலும்பு ஆய்வாளர் அனுசுயா தொடை எலும்பின் மண்ணைப் பிரஷ்ஷால் தட்டினாள். நடுவில் முண்டு மாதிரித் தடித்திருந்தது.

"இங்கன பாருங்கண்ணே. ஒடஞ்சு கூடியிருக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப ஏது மேடம் ஆசுபத்திரி?"

"யாரோ கட்டுப் போட்டிருக்காக. மாசக்கணக்கா எந்திரிக்க முடியாமக் கெடந்திருப்பாரு. கஞ்சி ஊட்டி, பீ மூத்திரம் அள்ளி, ஒருத்தர் கூடவே இருந்திருக்கணும். வைத்தியம்னு ஒண்ணு அப்பிடித்தான் தொடங்கியிருக்கும்."

ஒச்சாண்டி தன் வலது தொடையைக் காட்டினார்.

"தென்னையில இருந்து விழுந்தேன். சித்திரையில படுத்தவன் ஆடியிலதான் எந்திரிச்சேன். எம் பொஞ்சாதி அங்கம்மாதான் எல்லாம். மொத அடி வச்சப்ப அவ தோளைத்தான் பிடிச்சிருந்தேன்."

"இப்ப எப்பிடி இருக்காக?"

"கொரோனாவுல போயிட்டா. ஆசுபத்திரி வாசல்லயே என்னைய நிறுத்திட்டாக. உள்ள போறப்பத் திரும்பித் திரும்பிப் பாத்தா. ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூட எனக்கு வாய்க்கல, மேடம்."

அனுசுயா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"இவருக்குக் கட்டுப் போட்டவுகளும் இங்கனதான கெடப்பாக?" என்று கேட்டார் ஒச்சாண்டி.

"கெடக்கலாம். ஆனா கண்டுபிடிக்க முடியாதுண்ணே. அடுத்தவுக வலியத் தாங்குனது எலும்புல பதியாது."

"பக்கத்துல ஒரு குழி போட்டுப் பாப்பமா?"

திட்டத்தில் அப்படி ஒரு குழி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தவள், தலைமை ஆய்வாளரிடம் பேசி அனுமதி வாங்கிவந்தாள். மறுநாளே புதுக் குழிக்கு இடம் அளந்து நூல் கட்டிக் கொடுத்தாள்.

மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கிய நேரத்திலும் ஒச்சாண்டி தோண்டினார். பானை ஓடு ஒன்றைக் கண்டபோது மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் துழாவினார். கீழே வேறொன்றும் இல்லை. அதற்கும் கீழே மனிதர் கைபடாத கெட்டிச் செம்மண் வந்துவிட்டது. இனி ஒன்றும் கிடைக்காது என்று அனுசுயாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னும் ஒரு சாண் மட்டும் பாத்துருவோம் மேடம்," என்றார், நிமிராமலே.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் குழிக்குள் இறங்கி, மண்ணை அள்ளத் தொடங்கினாள்.