பௌர்ணமிப் பூட்டு

வீட்டுக்குள்ள ஆள வெச்சிக்கிட்டே வெளியில பூட்டுப் போடற யோசனை என் வீட்டுக்காரர் ஆதிமூலத்துக்குத்தான் வந்துச்சு. நான் வேணாம்னு சொன்னேன்னு சொன்னா பொய்.

எங்க வீடு அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமி வந்தா போதும், வருஷக்கணக்கா பேசாத சொந்தமெல்லாம் "வள்ளி, நல்லா இருக்கியா?"ன்னு கேட்டுக்கிட்டே நேரா கக்கூஸுக்குப் போகும். பங்குனி பௌர்ணமிக்குப் பதினெட்டுப் பேர். தொட்டித் தண்ணி பூரா காலி, மறுநாள் எனக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு! அதான் சித்திரை பௌர்ணமி அன்னிக்குக் காலையிலயே அவரு முன்கதவைப் பூட்டிட்டுக் கடைக்குப் போயிட்டாரு. எனக்குப் பின்வாசல். எதிர்வீட்டு ரேணுகாம்பாள்கிட்ட, "யார் கேட்டாலும் வேலூர் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்கக்கா"ன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

பத்து மணி இருக்கும், ஸ்டவ்ல பருப்பு வேகுது. கதவத் தட்டற சத்தம். மூச்சு விடாம நின்னேன்.

"வள்ளீ..."

கீழ்பென்னாத்தூர்ல இருக்கற எங்க அக்கா மணியம்மாள். அம்மா செத்தப்புறம் எனக்குத் தலைவாரி விட்டு, கட்டிக் குடுத்து, ரெண்டு பிரசவமும் பாத்தவ. இவளும் பௌர்ணமிக்குக் கிளம்பிட்டாளான்னு நெனச்சேன் பாருங்க, என் புத்திய செருப்பால அடிக்கணும்.

ரேணுகாம்பாள் சொன்னபடியே ஒப்பிச்சாங்க, வேலூர்னு.

"அடடா! கவியா கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தேங்க. பொண்ணுக்குக் கல்யாணம்னா மொத பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது என் தங்கச்சிக்குன்னு தாம்பாளத்தோட வந்தேன். பூட்டின வீட்ல வெக்கக் கூடாதே..." அக்கா குரல் கம்மிப் போச்சு.

பின்பக்கமா ஓடி, தெருவச் சுத்தி வந்து, இப்பதான் பஸ் எறங்குனேன்னு சொல்லிடலாமா? அடுத்த பொய்யத் தேடிக்கிட்டு நின்னதுல பருப்ப மறந்தே போயிட்டேன்.

அப்புறம் ஜன்னல்கிட்ட, ரேணுகாம்பாளுக்குக் கேக்காத மாதிரி மெதுவா அக்கா சொன்னா:

"வள்ளி, பருப்பு அடிபுடிக்குது பாரு. ஸ்டவ்வ அணைச்சிடு. நான் போயிட்டு வரேன்."

அணைச்சேன். கதவுப் பக்கம் போகல. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? ஒரு வாய்த் தண்ணி கூட குடிக்காம, தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு வெயில்ல அவ நடந்து போறத ஜன்னல் இடுக்கு வழியா பாத்துக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் அவரு வந்து, "யாராச்சும் வந்தாங்களா?"ன்னாரு.

"யாரும் வரல"ன்னேன்.

அடுத்த வாரம் தபால்காரர் ஒரு கவர் குடுத்தாரு. ஓரத்துல மஞ்சள் தடவின பத்திரிகை. கவர் மேல கவியா கையெழுத்துல எங்க விலாசம், பின்கோடு வரைக்கும் சரியா இருந்துச்சு. இருபது வருஷமா சொல்லாமக் கொள்ளாம உள்ள வந்து போன வீட்டுக்கு, எங்க அக்கா தபால்ல பத்திரிகை அனுப்பிட்டா.