சிலுவைத் தெரு இறங்கவிருந்த ஞாயிறு

எங்கள் மேல்துறையில் கால்பந்து வருஷம் முடியும்போது, பட்டியலில் கடைசியாக வந்த தெரு கீழ்த்துறைக்கு இறங்கிவிடும். கீழ்த்துறையில் முதலாவதாக வந்த தெரு மேட்டில் ஏறி எங்கள் ஊருக்கு வந்துவிடும். ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. வீடு, கிணறு, விளக்குக் கம்பம், கோழிக்கூடு எல்லாம் சேர்ந்த முழுத் தெருவும்.

ஐரோப்பாவிலும் இதே சட்டம்தான். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி எங்கே பார்த்தாலும் கடைசியில் வந்தவர்கள் கீழே இருக்கிற லீக்கில் போய்த்தான் ஆட வேண்டும். ஆனால் அங்கே அணியை மட்டும் இறக்குவார்களாம், தெரு அப்படியே நிற்குமாம். அப்படியானால் ஆட்டம் முடிந்து சாயங்காலம் அவர்கள் எந்த வீட்டுக்குப் போவார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

இறங்குவது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. முதல் வீடு மெதுவாகக் கிளம்பும், மற்றவை பின்னால் போகும். அடுப்பை அணைக்க வேண்டியதில்லை. பாலை மட்டும் பொங்கவிடக் கூடாது, மேட்டில் இரண்டு வளைவு உண்டு. அந்த மேட்டுப் பாதை வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இருக்கும். மற்ற நாட்களில் அந்த இடத்தில் பாறைதான். கடல் வழியாகவும் போக முடியாது, இரண்டு ஊருக்கும் கடல் வேறு வேறு. எங்கள் கடலில் நெய்மீன் வரும். அவர்கள் கடலில் சாளை மட்டும். முதல் நான்கு இடம் வருகிற தெருக்களுக்கு இன்னொரு பெரிய கடலும் உண்டு, அதில் புதன்கிழமை மட்டும் வலை போடலாம்.

நான் வியாகப்பன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன். எங்கள் வீடு சிலுவைத் தெருவில் ஏழாவது வீடு.

என் மனைவி ஞானப்பூவுக்கு ஒரு அக்கா, தங்கப்பூ. கல்யாணம் ஆனதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்ததில்லை. நாங்கள் மேலே இருந்தால் அவர்கள் கீழே. அவர்கள் ஏறுகிற வருஷம் பார்த்து நாங்கள் இறங்குவோம். ஐந்து தடவை மேட்டின் பாதியில் இரண்டு வீடும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. வீடுகள் நிற்காது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் நாலு விரல் தொடும், அவ்வளவுதான். ஒரு தடவை முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் கை மாறியது. அதைத் தின்றுவிட்டு அந்தக் காகிதத்தை மட்டும் ஞானப்பூ மடித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு தங்கச்சியும் உண்டு என்று கேள்விப்பட்டதோடு சரி, நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் தங்கப்பூவின் தெரு கீழ்த்துறையில் முதலிடம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஏறி வருவது உறுதி. நாங்கள் கடைசியில் கிடந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. எங்களுக்குப் பதினைந்து புள்ளி, எங்களுக்கு மேலே உப்பளத் தெருவுக்குப் பதினாறு. புள்ளி சமமானால் கோல் கணக்கில் அவர்கள்தான் மேலே. அதனால் நாங்கள் ஜெயிக்க வேண்டும், உப்பளத் தெரு ஜெயிக்கக் கூடாது. எதிரணியோ கொடிமரத் தெரு. இந்த வருஷம் யாரிடமும் தோற்காத தெரு.

காலையில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கும்போது ஞானப்பூ வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. நான் மைதானத்துக்கு வரல. வீட்டுலயே இருக்கேன். என்ன நிலைமைன்னு வீடே சொல்லிடும் எனக்கு."

"சரி."

"கோட்ட நேரா போடுங்க."

"நான் எப்ப கோணலா போட்டேன்?"

"போன வருஷம் போட்டீங்க. நம்ம கோல் பக்கம் பாம்பு போன மாதிரி இருந்துச்சு."

அன்று எனக்குக் காய்ச்சல். ஆனாலும் அவள் சொன்னது சரிதான்.

மைதானத்தில் கிளமெண்டு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவன் பொழிக்கு அக்கரையில் கோடு போடுகிறவன். ஆறு கடலில் சேருகிற அந்தப் பொழியைப் படகில் தாண்டிவிட்டால் வேறு சட்டம். அக்கரை அமெரிக்க முறை. அங்கே எந்தத் தெருவும் இறங்காது. கடைசியாக வந்த தெருவுக்குத் தண்டனை இல்லை, மரியாதை. புது ஆட்டக்காரப் பையன்களைப் பள்ளிக்கூட மேடையில் வரிசையாக நிறுத்தி, கடைசித் தெருவைத்தான் முதலில் பொறுக்கச் சொல்வார்கள். எல்லாத் தெருவும் ஆட்டக்காரர்களுக்கு ஒரே அளவு மீன்தான் கொடுக்கலாம். தெருவுக்கு மூன்று பேருக்கு மட்டும் அளவு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்த மூன்று பேர் அநேகமாக எங்கள் ஊர்க்காரர்கள். முட்டி தேய்ந்ததும் படகேறிப் போவார்கள், அக்கரையில் மாலையோடு நிற்பார்கள்.

பட்டியலில் முதலாவதாக வந்தால் அங்கே கோப்பை கிடையாது. ஒன்பதாவது வந்தவனோடும் மறுபடி ஆடிக் காட்ட வேண்டும். கிழக்குத் தெருக்காரர்கள் மேற்குத் தெருக்காரர்களை வருஷத்தில் ஒரு தடவை பார்த்தால் அதிகம். மற்றபடி நல்ல ஊர். மைதானத்தில் நிழல் உண்டு, சாய்ந்து உட்கார நாற்காலி உண்டு.

"எதுக்குலே இந்தப் பக்கம் வந்தே?" என்றேன்.

"பயத்தப் பாக்க வந்தேன் மக்கா," என்றான் கிளமெண்டு. "எங்க ஊருல அது இல்ல. எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு."

"உங்க ஆட்டம் எப்படி?"

"வேகம் வந்திருக்குடே. அஞ்சு வருஷம் முந்தி மாதிரி இல்ல. நல்ல பையங்க. ஓடுறானுவ, குதிக்கிறானுவ. ஆனா தோத்தா வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடுறானுவ."

"எங்க ஆளுங்க தோத்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க."

"அதனாலதான் ஒல்லியா இருக்கானுவ. உங்க முன்கள ஆளப் பாரு, தூண்டிக் கம்பு மாதிரி."

எங்கள் கோல் காப்பவன் தார்சியூஸ் பக்கத்தில் உட்கார்ந்து காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயது. அவனும் அக்கரையில் அளவில்லாத மூன்று பேரில் ஒருவனாக இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன்.

"நல்லாத்தானே பாத்துக்கிட்டோம் ஒன்ன?" என்று கிளமெண்டு அவனிடம் கேட்டான். "எதுக்கு வந்தே?"

"அஞ்சு கோல் விட்டேன் அண்ணே, எழுந்து நின்னு கை தட்டுறாங்க," என்றான் தார்சியூஸ். "தூக்கமே வரல. இங்க ஒரு கோல் விட்டா எங்க அம்மாவே கல்ல எடுப்பா. வந்து படுத்தேன், நல்லா தூங்கினேன்."

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

எங்கள் மைதானத்திலிருந்து பார்த்தால் சிலுவைத் தெரு முழுசாகத் தெரியும். ஆட்டம் நடக்கும்போதே தெரு தன் நிலைமையைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் வடக்கு மைதானத்தில் உப்பளத் தெரு என்ன செய்கிறது என்று யாரும் ஓடிப்போய்க் கேட்க வேண்டியதில்லை. பதினோராவது நிமிஷம் கொடிமரத் தெரு ஒரு கோல் போட்டது. எங்கள் விளக்குக் கம்பங்கள் எல்லாம் ஒன்றாகக் கீழ்த்துறைப் பக்கம் சாய்ந்தன. கிணற்றுக் கயிறு அந்தப் பக்கம் தொங்கியது.

"அதுதானா பயம்?" என்றான் கிளமெண்டு.

"இது ஆரம்பம்."

ஐம்பதாவது நிமிஷம் தூண்டிக் கம்பு மாதிரி இருந்தவன் முப்பது கஜ தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தான். பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலைக்குள் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. மைதானமே எழுந்து கத்தியது. கம்பங்கள் பாதி நிமிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் யாரும் கோல் போடாமலே இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தன. உப்பளத் தெரு அங்கே தோற்றுக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி ஒரே ஒரு கோல் போதும்.

ஒரு கோல்! கிழவிகள் செபமாலையை இடுப்பில் செருகிவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்கள். பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பந்து போகிற பக்கமெல்லாம் ஓடினார். கிளமெண்டு நாற்காலி கேட்டிருந்தான். கொண்டு வந்து போட்டார்கள், அவன் அதில் உட்காரவே இல்லை. என் தோளைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

எண்பத்தெட்டாவது நிமிஷம் கோல் முன்னால் ஒரே கூட்டம். யாரோ உதைத்து, யாரோ மேல் பட்டு, பந்து உருண்டு போய்க் கோட்டின்மேல் உட்கார்ந்தது. எங்கள் ஆட்கள் கோல் என்றார்கள். அவர்கள் இல்லை என்றார்கள். நடுவர் விசிலை ஊதிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

கோடு தாண்டியதா இல்லையா என்று, கோடு போட்டவன்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. அவனுக்குத்தான் கோடு எங்கே முடிகிறது என்று தெரியும்.

நடந்து போனேன். சிலுவைத் தெருவைப் பார்த்தேன். பாதி நிமிர்ந்து, பாதி சாய்ந்து, அதுவும் நான் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தது. ஏழாவது வீட்டு வாசலில் ஞானப்பூ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரத்திலும் அவள் புடவை நிறம் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். மறுபடி மண்டியிட்டுப் பார்த்தேன். பந்தின் அடியில் அரை விரல் அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு இன்னும் இருந்தது. காலையில் நான் போட்ட கோடு. நேராகத்தான் போட்டிருந்தேன்.

"தாண்டல," என்றேன்.

"வியாகப்பா!" என்று என் தெருவே கத்தியது. அதற்குப் பிறகு கத்தியதை எழுத முடியாது. கம்பங்கள் மறுபடி சாய்ந்தன. ஒரு கோழிக்கூடு கழன்று மேட்டுப் பக்கம் நாலு அடி போய்விட்டது. ஞானப்பூ வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மக்கா," என்றான் கிளமெண்டு. "இப்ப வந்துட்டு. எனக்கு வந்துட்டுடே பயம்."

கொடிமரத் தெருக்காரன் பந்தை அவசரமாக உதைத்தான். அது அவனுடைய ஆள் முதுகிலேயே பட்டு வெளியே போனது. எங்களுக்குக் கார்னர். கூடுதல் நேரத்தில் நாலு நிமிஷம் போய்விட்டது. இனி ஒன்றுமில்லை என்று தார்சியூஸ் தன் கோலை விட்டுவிட்டு, நாற்பத்தொரு வயது முட்டியோடு மைதானம் முழுக்க ஓடி வந்தான். "நீ எங்கலே போறே, கோலு திறந்து கெடக்கு!" என்று அவன் அம்மா வேலிப் பக்கமிருந்து கத்தினாள். அவன் நிற்கவில்லை. பந்து வளைந்து வந்தது. எல்லாத் தலைக்கும் மேலே ஒரு தலை. டம்மென்று ஒரு சத்தம்.

வலை கிழிந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

சாமியார் ஒரு கிழவியைத் தூக்கிச் சுற்றினார். தார்சியூஸின் அம்மா கையிலிருந்த கல்லுக்கு முத்தம் கொடுத்தாள். கிளமெண்டு குதித்துக் குதித்து என் சுண்ணாம்பு வாளிக்குள் விழுந்து, முழங்கால் வரை வெள்ளையாக எழுந்து நின்று, யார் பெயரும் தெரியாமல் எல்லோரையும் கட்டிப் பிடித்தான். சிலுவைத் தெரு ஓலைக்கூரை முதல் ஓட்டுக்கூரை வரை ஒரே ஆட்டமாக ஆடிவிட்டு நேராக நின்றது. கோழிக்கூடு தானாகத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு உப்பளத் தெரு இறங்கியது. எங்களுக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனார்கள். ஒன்பது மணிக்குத் தங்கப்பூவின் தெரு ஏறி வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தது. கடைசி வீடு அவளுடையது, அது எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே நின்றது. அக்காள் வெளியே வந்தாள். தங்கச்சி வெளியே வந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் எட்டு அடி.

"வாசல்ல என்னடி இவ்வளவு மணலு? பெருக்க மாட்டியா?" என்றாள் தங்கப்பூ.

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் ஞானப்பூ.

பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் விடவில்லை. சோறு நான்தான் வடித்தேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளமெண்டு படகேறினான். படகைத் தள்ளும்போது, அவனுக்கு அக்கரையிலேயே நாலு தெரு தள்ளி ஒரு அண்ணன் இருப்பதைச் சொன்னான். பதினெட்டு வருஷமாகப் பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. எங்கே போய்விடப் போகிறான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கிளமெண்டின் தெருக்காரர்கள், அவன் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டுக் கூடி, அந்த வருஷம் கடைசியாக வந்தது தாங்கள்தான் என்பதால் தாங்களும் இறங்குவதாக முடிவு செய்தார்கள். அக்கரைக்குக் கீழே ஊர் கிடையாது. அதனால் தெரு பொழிக்குள் இறங்கியது. பன்னிரண்டு வீடும் வரிசை கலையாமல் போய் அடியில் உட்கார்ந்தன. சமையல் நேரத்தில் தண்ணீர்மேல் புகை வந்தது. அண்ணன்காரன் ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டு வந்து, புகை வருகிற இடத்துக்கு மேலே நிறுத்தி, சாயங்காலம் வரை கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு தெரு இறங்கினால் ஒரு தெரு ஏற வேண்டும். புதன்கிழமை காலை பொழிக்குள்ளிருந்து பதினாறு வீடுள்ள ஒரு தெரு ஏறி அக்கரையில் வந்து நின்றது. ஓடுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளமெண்டு கீழே இருப்பதால் கோடு போட என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். அந்தத் தெரு ஆட்டக்காரர்கள் பயிற்சியில் இருந்தார்கள். அத்தனை பேரும் இடது காலால் உதைத்தார்கள், நல்ல உதை.

ஒரு வீட்டு வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையும் என் வாளியையும் பார்த்தாள்.

"நீங்க கோடு போடுற அத்தான்தானே? ஞானப்பூ அக்கா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா. உங்க பெரிய அக்காவும் இப்ப அங்கதான் இருக்கா. வாங்க," என்றேன்.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில், தாங்கள் மீன் சாப்பிடுவதில்லை என்று மட்டும் சொன்னாள்.