தலைக்கொரு கட்டில்

"எந்திரி. உன் நேரம் முடிஞ்சு போச்சு."

ராத்திரி முழுக்க உலை முன்னால் நின்றுவிட்டு வந்தவன், அறையில் குறட்டை என்று பேர் வாங்கினவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் காலை உதைத்தான். போர்வை கொஞ்சம் அசைந்தது. ஆள் எழுந்திருக்கவில்லை.

"நானும் மனுஷன்தானே? நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. நீ வேலைக்கு மட்டம் போட்டா என் தூக்கத்துல வந்து படுத்துக்குவியா?"

போர்வையைப் பிடித்து இழுத்தவனின் கை உள்ளே கிடந்தவனின் தோளில் பட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான். அப்படிக் கொதித்தது உடம்பு. பாதங்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. நேற்று ஒரே ஒரு தடவை சிறுநீர் போனது, அதுவும் சிவப்பாகப் போனது என்று முனகினான் அவன்.

ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த மேஸ்திரியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி அவன். மேஸ்திரிக்கு மச்சினன் என்பதால் அந்த அறை முழுக்கவே அவனை மச்சினன் என்றுதான் கூப்பிடும். ஆளாளுக்கு மேஸ்திரி ஆகிவிட்ட மாதிரி அதில் ஒரு சந்தோஷம். வேறு சந்தோஷம் அங்கே கிடையாது.

அது பாட்டில் செய்கிற கம்பெனி. கண்ணாடியை உருக்கும் உலையை ஒரு தடவை மூட்டினால் அணைக்கக் கூடாதாம். அதனால் கடல் தாண்டிக் கொண்டுவந்த ஆட்களை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். பகல் பாதி உலையில் நிற்கும்போது ராப் பாதி கட்டிலில் கிடக்கும். காலையும் சாயங்காலமும் பஸ் வரும், இவர்கள் இறங்குவார்கள், அவர்கள் ஏறுவார்கள். பஸ் படியில் தோளிடித்துக்கொள்வதோடு சரி, ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசியது கிடையாது. ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் வந்து விழுவான். அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். படுக்க முடியாது.

இதில் காய்ச்சல் வந்தால் எங்கே படுப்பது? அதைக் கம்பெனி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாட்டில் வியாபாரம் நடக்குமா?

குறட்டை பல்லைக் கடித்துக்கொண்டு மேல் கட்டில்காரனிடம் சொன்னான்: "இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்யா."

"மேஸ்திரி சீட்டு இல்லாம வாசல்லயே திருப்பிடுவான். நம்ம அடையாளக் கார்டெல்லாம் ஆபீஸ்ல இருக்கு."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"அதிகாரி அம்மா வர்றாங்க. எல்லாரும் அவங்கவங்க கட்டில்ல படுங்க. அந்தப் பாதியோட பெட்டி, தலகாணி, கொடியில கிடக்கிற துணி, எல்லாத்தையும் சமையக்கட்டுப் பின்னால தூக்கிப் போடுங்க. சீக்கிரம்."

எல்லோரும் பெட்டிகளை அள்ளினார்கள். பழகிப்போன காரியம். தொழிலாளர் தங்குமிடத்தைச் சோதிக்கிற அதிகாரி எப்போதும் பகலில்தான் வருவார். கட்டிலை எண்ணுவார், படுத்திருக்கும் தலையை எண்ணுவார். இரண்டும் சரியாக இருக்கும். எப்படி இல்லாமல் போகும்? மிச்சத் தலைகள் உலை முன்னால் வெந்துகொண்டிருக்கின்றன.

இன்றைக்குத்தான் ஒரு தலை கூடுதல்.

மேஸ்திரியின் கண் மச்சினன்மேல் நின்றது. "இன்னிக்குன்னு பாத்தா படுத்துத் தொலைக்கணும்? ரெண்டு பேரு பிடிச்சு இவனை மொட்டை மாடிக்குக் கொண்டு போங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காரட்டும்."

"காய்ச்சக்காரனை வெயில்லயா?" என்றான் குறட்டை. "நான் போறேன் மாடிக்கு. அவன் இங்கயே கிடக்கட்டும். கணக்கு சரியாத்தானே இருக்கும்?"

"உனக்கு மூளை இருக்கா? இவன் காலைப் பாத்தா அந்தம்மா கேக்காதா? வந்த வருஷமே ஆளு படுத்துட்டான்னு தெரிஞ்சா இவனை ஊருக்கு ஏத்தி விட்டுடுவாங்க. அடுத்த தடவை என்னை நம்பி ஆள் கேப்பாங்களா?"

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி. எடுக்காவிட்டால் விடமாட்டாள்.

"என்னங்க, தம்பி ரெண்டு நாளா போனே எடுக்கலையே. நல்லா இருக்கானா?"

"அவனுக்கென்ன. ராஜா மாதிரி இருக்கான். வேலைல நிக்கிறான், அப்புறம் பேசச் சொல்றேன்."

கட்டிலில் கிடந்தவனுக்கு அக்காவின் குரல் கேட்டது. "மாமா, போனைக் குடுங்க மாமா," என்று கையை நீட்டினான். மேஸ்திரி திரும்பி நின்றுகொண்டு போனை அணைத்தார். அவர் ஒன்றும் அரக்கன் இல்லை. ஊரில் நாலு பேருக்கு நல்லது கெட்டதுக்கு நிற்கிறவர்தான். இங்கே வந்து கம்பெனிக்காரன் முன்னால் கைகட்டிக் கைகட்டி மனசும் கட்டிப் போய்விட்டது, பாவி மனுஷனுக்கு.

மச்சினனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குறட்டை கட்டிலில் விழுந்தான். விரிப்பு இன்னும் காய்ச்சலாகவே இருந்தது. படுத்த மறு நிமிடம் கூரை அதிரக் குறட்டை விடுகிறவன் அன்றைக்கு மல்லாந்து கிடந்து மேல் கட்டிலின் அடித் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி அம்மா மானேஜரோடு வந்தார். நல்ல முகம். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உள்ளே வந்த முதல் அதிகாரி அவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். கட்டில்களை எண்ணினார், தலைகளை எண்ணினார். பிறகு குறட்டையின் பக்கம் குனிந்து அந்த ஊர் பாஷையில் ஏதோ கேட்டார்.

"வசதியா இருக்கான்னு கேக்கறாங்க," என்றார் மேஸ்திரி.

குறட்டை எழுந்தான். வெளியே போனான். மாடிப்படியில் அவன் தடதடவென்று ஏறுவது கேட்டது. திரும்பி வந்தபோது முதுகில் மச்சினன் இருந்தான். அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றான்.

"சொல்லுங்க மேஸ்திரி. இது இவன் கட்டிலும்தான். ரெண்டு பேருக்கு ஒரு கட்டில். உடம்பு முடியலைன்னா படுக்க இடமில்ல. எல்லாக் கட்டிலும் இப்படித்தான்னு சொல்லுங்க."

மேல் கட்டில்காரன் இறங்கி நின்றான். அடுத்த கட்டில்காரன் எழுந்தான். ஒருவர் பின் ஒருவராக ராப் பாதி முழுக்க எழுந்து, கட்டில்களைக் காலியாக விட்டுவிட்டு, உலையில் நிற்கிறவனின் பங்குக்கு இடம் விட்டதுபோல் ஓரமாக நின்றது.

அதிகாரி அம்மா திகைத்து மேஸ்திரியைப் பார்த்தார். மானேஜரும் பார்த்தார். மேஸ்திரி போர்வையை மச்சினன் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டே அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து எல்லோருக்கும் தலை வணங்கினார். உட்காருங்கள் என்று கையால் காட்டினார். கட்டிலில் கிடந்தவன் கண் விழித்துவிடக் கூடாதே என்று பூனை நடை நடந்து வெளியே போனார்.

"என்னத்தைச் சொன்னான்யா?" என்றான் குறட்டை.

பாஷை கொஞ்சம் தெரிந்த பழைய ஆள் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். "பெரியவங்க வந்தா எந்திரிச்சு நிக்கிறது எங்க வழக்கம்னு சொல்லிட்டான். படுத்திருக்கவன் உழைச்ச களைப்புல மாடியிலேயே தூங்கிட்டானாம், அதான் தூக்கிட்டு வந்தோமாம். எங்க ஊருப் பசங்களுக்கு இந்த மரியாதை தெரியலையேன்னு அந்தம்மா வருத்தப்பட்டுட்டுப் போகுது."

குறட்டை மச்சினன் தலைமாட்டில் உட்கார்ந்தான். துணியை நனைத்து நெற்றியில் போட்டான். மத்தியானம் மச்சினனின் போன் விரிப்புக்கடியில் அடித்தது. அக்கா.

குறட்டை எடுத்தான். "அக்கா, நான் அவன் கட்டில்ல பாதி. பயப்படாதீங்க, ஆனா கேளுங்க," என்று ஆரம்பித்து வீங்கின கால், சிவப்புச் சிறுநீர், மொட்டை மாடி என்று ஒன்று விடாமல் சொன்னான். அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"அந்த மனுஷனை நான் பாத்துக்கறேன் தம்பி. நீங்க என் தம்பியைப் பாத்துக்கங்க," என்றாள் அவள்.

சாயங்காலம் பஸ் வந்தது. பகல் பாதி இறங்கி அறைக்குள் வந்தது. ராப் பாதி ஏறவில்லை. கட்டில்களில் உட்கார்ந்தபடி இருந்தார்கள். சங்கதி தெரிந்ததும் வந்தவர்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒண்டி உட்கார்ந்தார்கள். உட்கார இடமில்லாதவர்கள் நின்றார்கள். அறை பிதுங்கியது, வாசற்படி நிறைந்தது, மூச்சு விட முடியவில்லை. இத்தனை பேரா நாம் என்று அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. மாற்று ஆள் வரும்வரைக்கும் என்று விட்டுவந்த ஒரு சிலர்தான் உலையில் நிற்கிறார்கள். மானேஜர் காரில் பறந்து வந்தார். பின்னாலேயே மேஸ்திரி. அவர் சட்டைப்பையில் போன் அணைக்காமல் இருந்தது. தம்பி ஆஸ்பத்திரிக்குள் போகிறவரைக்கும் வைக்கக் கூடாது என்று மனைவியின் உத்தரவு.

"முதல்ல இவன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றான் குறட்டை.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். உலை கெட்டால் அவர் வேலை போய்விடும். சீட்டும் எழுதினார், தன் காரையும் கொடுத்தார். மச்சினனுக்காக அல்ல, உலைக்காக. பகல் பாதியில் ஒருவன் அவனை மடியில் கிடத்திக்கொண்டு போனான். பிழைப்பானா மாட்டானா என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். காலையிலேயே கொண்டு போயிருந்தால் கேட்டிருக்கவே வேண்டாம்.

"போயிட்டான்ல? ஏறுங்க," என்றார் மேஸ்திரி.

"அந்த அம்மாவை வரச் சொல்லுங்க," என்றான் குறட்டை. "இப்ப வந்து எண்ணட்டும். அப்புறம் போறோம். நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

மேஸ்திரி மானேஜரைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் மனைவி மூச்சுவிடுவது கேட்டது. வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை அவருக்கு. சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். குறட்டை சொன்னதை அப்படியே சொன்னார்.

மானேஜர் சிரித்தேவிட்டார். பதில் சொன்னார்.

"என்ன சொல்றான்?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "அந்த அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்களாம். சாயங்காலத்துக்கு மேல அவங்களை யாரும் வேலை பாக்கச் சொல்ல முடியாதாம். சட்டமாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. குறட்டை கட்டிலில் நகர்ந்து, நின்றிருந்த ஒருவனுக்கு இடம் விட்டான்.